ஐந்து நாற்பதுக்குப் போட்ட கோடு

காலை ஒன்பது முப்பத்திரண்டுக்கு முதல் போன் வந்தது. எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் போனை எடுப்பவரை எல்லாரும் 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாளைக்கு இருநூறு தடவை அந்தச் சொல்லைச் சொல்கிறவருக்கு வேறு பேர் நிலைக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் எனக்கு வைத்த பேர் 'டீச்சர்'. யார் எதைக் கேட்டாலும் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு படம் போட ஆரம்பித்துவிடுவேன் என்பதால் வந்தது. முதல் இரண்டு போனையும் அவர் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். மூன்றாவதில் போனின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஐந்நூறு."

ஐந்நூறு என்பது எங்கள் மென்பொருளை ஓட்டுகிற சர்வர் கணினி சொல்லும் ஒரு எண். நீங்கள் தப்பான முகவரியைத் தட்டினால் நானூற்று நான்கு என்று சொல்லும். அதற்குப் பொருள், தவறு உங்களுடையது. ஐந்நூறு என்றால், நீங்கள் கேட்டது சரிதான், எங்களிடம்தான் ஏதோ ஆகிவிட்டது, என்ன ஆனது என்று மட்டும் கேட்காதீர்கள் என்று பொருள். வீட்டுக்கு வந்தவரிடம் கதவைப் பாதி திறந்து, "உள்ளே கொஞ்சம் பிரச்சினை, அப்புறம் வாங்க" என்று சொல்லி மூடிக்கொள்கிற மாதிரி. உள்ளே போய்ப் பார்ப்பதுதான் ஏழு வருடமாக என் வேலை.

நாங்கள் விற்பது வேலைகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள். ஒவ்வொரு வேலையும் திரையில் ஒரு அட்டை. அட்டையில் யார் செய்ய வேண்டும், எப்போது முடியும் என்று இருக்கும். ஒரு அட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்கலாம். இழுத்தால், இந்த வேலை அந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். சுவர் காயாமல் வண்ணம் அடிக்க முடியாது, அதனால் வண்ண அட்டையிலிருந்து சுவர் அட்டைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். தினமும் காலை ஒன்பது முப்பதுக்கு சர்வர் எல்லாக் கோடுகளின் வழியாகவும் நடந்துபோய், ஒவ்வொரு வேலையும் எந்தத் தேதிக்கு முடியும் என்று புதிதாகக் கணக்குப் போடும். எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். அடுத்த ஒரு நிமிடத்துக்கு ஊரெங்கும் இருக்கிற ஆயிரக்கணக்கான தேதிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சரியான இடத்தில் போய் உட்காரும்.

இன்று உட்காரவில்லை.

"ஹலோ... ஆமா மேடம்... பார்த்துட்டிருக்காங்க மேடம்... அஞ்சே நிமிஷம் மேடம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாலம் வேலைக்காரங்க. கிரேன்ல கம்பிய தூக்கி நிறுத்தி வெச்சிட்டாங்களாம். இன்னைக்கு எதை எங்க இறக்கணும்னு நம்ம அட்டையிலதான் இருக்காம். அந்தம்மா அழுகுறாங்களா திட்டுறாங்களான்னே புரியல. ரெண்டும் ஒண்ணாவே வருது."

"அஞ்சு நிமிஷம்னு ஏன் சொன்னீங்க?"

"பின்ன, அஞ்சு வருஷம்னா சொல்லணும்? நான் எப்பவும் அஞ்சு நிமிஷம்தான். முடிக்கிறது உன் வேலை."

வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை இங்கே எனக்குக் கடைசி நாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் முடிகிறது. திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். என் கணவரும் ஆறு வயது மகளும் பதினான்கு மாதமாக இருக்கிற ஊரில் அந்த வேலை கிடைத்திருக்கிறது. இங்கிருந்து அங்கே பஸ்ஸில் ஐந்து மணி நேரம். சனிக்கிழமை விடிகாலையில் போவேன், ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்புவேன். மாலை நான்கு மணி ஆனால் மகள் என் செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்துவைத்துவிடுவாள். சலவை இயந்திரத்துக்குள்ளே, அரிசி டப்பாவுக்குப் பின்னால், ஒருமுறை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு போவேன். அவள் அழமாட்டாள். அடுத்த வாரம் இன்னும் நல்ல இடமாகப் பார்ப்பாள்.

புது அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அந்தக் கடிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை.

சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தேன். சர்வர் தான் செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் செய்யும். அதனால் அது விழுந்துவிட்டால், கடைசி வரியைப் படித்தால் போதும், எந்தப் படியில் கால் வைத்தபோது விழுந்தது என்று தெரிந்துவிடும். ஒன்பது முப்பதுக்குத் தேதிக் கணக்கு தொடங்கியிருக்கிறது. முப்பத்தொன்றுக்கு நினைவகம் நிரம்பி விழுந்திருக்கிறது. விழுந்தால் தூக்கி நிறுத்த ஒரு காவல்காரன் நிரல் உண்டு, அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. எழுந்த சர்வர் முதல் வேலையாக, பாதியில் விட்ட கணக்கையே மறுபடி கையில் எடுத்திருக்கிறது. மறுபடி விழுந்திருக்கிறது. பத்து மணிக்குள் பத்தொன்பது தடவை. பாதியில் விட்டதை முதலில் முடி, அப்புறம்தான் அடுத்தது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நல்ல பழக்கம் என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

எந்தக் கணக்கு என்று பார்த்தேன். வாடிக்கையாளர் யாருடையதோ என்று நினைத்தால், எங்களுடையது. 'உள் நிர்வாகம்' என்று ஒரு திட்டம். நாங்கள் விற்பதை நாங்களே பயன்படுத்த வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு கொள்கை. அதனால் இந்த அலுவலகத்தில் ஒருவர் லீவு எடுப்பது, நாற்காலி வாங்குவது, வேலையை விடுவது எல்லாமே அட்டைகள். ஒவ்வொருவரும் தன் அட்டையிலிருந்து அடுத்தவர் அட்டைக்குக் கோடு இழுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்வது இங்கே ஊறிப்போன பழக்கம். கேட்டால், "என் பக்கம் ஒண்ணும் நிக்கல, அங்க காத்திருக்கு" என்பார்கள். கோட்டைக் காட்டுவார்கள். கோடு இருக்கும்.

திரை வழியாக இல்லாமல் சர்வரின் பின்புறமாகப் போய், கோடுகள் பதிவாகிற அட்டவணையைத் திறந்து, அந்தத் திட்டத்தின் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாளில் வரைந்தேன். நான்காவது கோடு முதல் அட்டையில் வந்து முட்டியபோது பென்சில் நின்றுவிட்டது.

வட்டம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாமவரிடம் போய் "எப்ப முடிப்பீங்க?" என்று கேட்கிறீர்கள். "அவர் முடிச்சதும்" என்று இரண்டாமவரைக் காட்டுகிறார். இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் நான்காமவரை. நான்காமவர் முதலாமவரைக் காட்டுகிறார். நீங்களோ நானோ என்றால் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு எழுந்துவிடுவோம். சர்வருக்கு அந்த முகம் ஏற்கெனவே பார்த்த முகம் என்று தெரியாது. அது மரியாதையாக மறுபடியும் கேட்கும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், பதில் வந்தால் யாரிடம் திரும்பிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். சீட்டுகள் சேர்ந்து சேர்ந்து அறை நிரம்பி, கடைசியில் அதற்கு நிற்க இடமில்லாமல் போகும்.

இப்படி வட்டம் விழாமல் தடுக்க ஒரு சோதனை வைத்திருந்தோம். யாராவது கடைசிக் கோட்டை இழுத்தால் அது கையைத் தட்டிவிடும். நிரலில் அந்த இடத்துக்குப் போனேன். சோதனை அணைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். பெரிய பட்டியல் ஏற்ற நேரமாகிறது. ஏற்றி முடித்ததும் திருப்பிப் போடவும்.' தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. நடை என்னுடையது. 'தற்காலிகம்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் இந்த அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.

அந்த நான்கு அட்டைகளையும் படித்தேன்.

'வேலை ஒப்படைப்பு முடிதல்.' இது மேனேஜருடையது. புது ஆளை எடுப்பதற்காகக் காத்திருக்கிறது. 'புது ஆளை எடுத்தல்.' இது ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் அக்காவுடையது. காலியிட அனுமதிக்காகக் காத்திருக்கிறது. 'காலியிட அனுமதி.' இது மேலிடத்தில் யாரோ ஒருவருடையது. இருக்கிறவர் போகும் தேதி உறுதியாவதற்காகக் காத்திருக்கிறது. 'விடுவிப்புத் தேதி உறுதி.' இது ஒப்படைப்பு முடிவதற்காகக் காத்திருக்கிறது.

நான்காவது அட்டையின் மேல் என் பணியாளர் எண் இருந்தது. பதினேழு.

பாலத்தில் கம்பி தொங்கிக்கொண்டிருப்பது நான் இந்த அலுவலகத்தை விட்டுப் போக வேண்டியிருப்பதால்.

முதலில் கணக்கு வரிசையை நிறுத்திவைத்தேன். நிறுத்தினால் தேதிகள் நகராது, ஆனால் திரை திறக்கும். பழைய தேதியோடு பழைய அட்டைகள் தெரியும். ஹலோவின் குரல் மாறியது. "ஹலோ... வந்துடுச்சா மேடம்? நான்தான் சொன்னேனே, அஞ்சு நிமிஷம்னு." மணி பத்து ஐம்பது. கம்பி இறங்கியது. ஆனால் நிறுத்திவைத்தது நிறுத்திவைத்ததுதான். சாயங்காலத்துக்குள் கணக்கை ஓடவிடாவிட்டால் நாளை காலை எல்லாரும் நேற்றைய தேதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவரே லீவு அட்டை போட்டுவிட்டு எனக்குச் சொல்வார். நான் வட்டம் போட்ட தாளைக் காட்டினேன். பழக்கதோஷத்தில் சீட்டுகள், அறை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். நான் விளக்கும்போது அவர் எப்போதும் போல நன்றாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப ஒண்ணு பண்ணலாம் டீச்சர். அந்தத் திட்டத்தையே தூக்கி ஓரமா வெச்சிடு. கணக்குல வராது, சர்வர் விழாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு நிதானமா பிரிச்சுப் பாக்கலாம்."

"என் தேதியும் அதுலதான் சார் இருக்கு. வெள்ளிக்கிழமை."

"தெரியும்மா. நான் இல்லேங்கலையே." தாளை மேஜையில் வைத்து ஓரங்களைச் சரிசெய்தார். "நானும் ரெண்டு தடவை ஆள் கேட்டேன். போறது உறுதியாகட்டும், அப்புறம் பாக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க. நீ போயிட்டு, அடுத்த புதன்கிழமை இதே ஐந்நூறு வந்தா, நான் யாரைக் கூப்பிடுவேன் சொல்லு? நான் போய் அந்தக் கறுப்புத் திரைய பாத்தா அதுவும் என்னைப் பாக்கும். அவ்வளவுதான்."

"நூத்தி நாப்பது பக்கம் எழுதி வெச்சிருக்கேன் சார். படத்தோட."

"பாத்தேன். நல்லாயிருந்துது."

அவர் பார்க்கவில்லை. அந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்று அதுவே எண்ணிக்கொள்ளும். இதுவரை முப்பத்தொன்பது தடவை திறக்கப்பட்டிருக்கிறது. முப்பத்தொன்பதும் நான்தான், எழுத்துப்பிழை திருத்த.

"சாயங்காலம் வரைக்கும் டைம் எடுத்துக்கோ. ஓரமா வெக்கிறதுதான் பாதுகாப்பு. நீயே யோசிச்சுப் பாரு" என்றார். போகும்போது என் நாற்காலியின் முதுகை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் கணவரின் குரல் செய்தி வந்திருந்தது. "கேட்டியா, நம்ம வீட்டு மேடம் இந்த வாரம் செருப்ப ஒளிக்க மாட்டாங்களாம். 'அம்மா திங்கக்கிழமையும் இருப்பாங்கன்னா எதுக்குப்பா ஒளிக்கணும்'னு கேக்குறா. நான் ஆமான்னு சொல்லிட்டேன். கடிதம் வந்துடுச்சுல்ல?" பின்னாலிருந்து மகளின் குரல், எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். பதில் அனுப்பவில்லை. இரண்டு தடவை மறுபடி கேட்டேன்.

இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, நான் வேறு யாருக்காவது இந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறேன் என்றால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வட்டத்தில் எந்தக் கோடும் தனியாகத் தப்பு இல்லை. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். அதனால் எந்தக் கோடு தப்பு என்று கேட்கக்கூடாது. கடைசியாக எந்தக் கோடு வந்தது என்று கேட்க வேண்டும். அது வருவதற்கு முன்வரை எல்லாம் ஓடியது, அது வந்ததும் நின்றது, ஆகவே அதை எடுத்தால் மறுபடி ஓடும். நூற்று நாற்பது பக்கத்தில் ஐம்பத்திரண்டாம் பக்கம் இது.

கோடுகளின் வரலாற்றைத் திறந்தேன். மேனேஜருடையது ஏழு வாரம் முன்பு. அந்த அக்காவுடையது ஆறு வாரம் முன்பு. மேலிடத்தினுடையது போன மாதம். நான்காவது நேற்று, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பதுக்கு. போட்டவர் எண் பதினேழு.

ஒரு நிமிடம் யாரோ என் பேரில் நுழைந்து போட்டுவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. நேற்று டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேனேஜர் கப்பை ஊதிக்கொண்டே சொன்னார். "நீ போறதுல எனக்கொண்ணும் வருத்தமில்ல டீச்சர். ஆனா ஏழு வருஷம் இருந்துட்டு, பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னு ஒருத்தரும் சொல்லிடக்கூடாது பாரு." நான் சிரித்தேன். மேஜைக்கு வந்தேன். அறைக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே என் அட்டையைத் திறந்து, ஒப்படைப்பு அட்டைக்கு ஒரு கோடு இழுத்தேன். இந்த வேலை அந்த வேலைக்காகக் காத்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அட்டையிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது, போட்டேன். ஒப்படைப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கவில்லை. திரையில் ஒரு கோட்டுக்கு அப்பால் தெரியாது. நான்தான் அப்படி வடிவமைத்தேன், கண்ணை உறுத்தக்கூடாது என்று.

இன்னும் ஒன்று. நேற்று நான்கு மணிக்கே அந்த அக்கா என் தேதியை வெள்ளிக்கிழமை என்று ஒப்புக்கொண்டு டிக் போட்டிருக்கிறார். அதற்கு மேல் என் அட்டை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காலைக் கணக்கில் தேதி உறுதியானதும் கடிதம் தானாக அச்சாகும், மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் முறை. ஐந்து நாற்பதுக்கு நான் பையை மாட்டிக்கொண்டு நேராக நடந்திருந்தால், இன்று காலை ஒன்பது முப்பத்தொன்றுக்கு என் கடிதம் வெளியே வந்திருக்கும்.

"என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? யாரு பண்ணின வேலைன்னு தெரிஞ்சுதா?" என்றார் ஹலோ.

"தெரிஞ்சுது."

"பேரைச் சொல்லு. போன் பண்ணி அஞ்சு நிமிஷம் திட்டுறேன்."

"நான்தான் அண்ணே."

அவர் தன் நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, என் தாளில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். விளக்கச் சொல்லவில்லை. "நீ போட்டதுன்னா நீயே எடுத்துடலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

எடுக்கலாம். அடுத்தவர் கோட்டை எடுக்க மேனேஜர் அனுமதி வேண்டும். அவரவர் போட்டதை அவரவர் எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காலையிலிருந்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அனுமதி எனக்குத் தேவையே இல்லை. இது தெரிந்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். நான் தாளில் இருந்த வட்டத்தின் மேலேயே பென்சிலை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

முதலில் அந்தச் சோதனையைத் திருப்பிப் போட்டேன். இரண்டு வருடத் 'தற்காலிகம்' என்ற வரியை அழித்தேன். பிறகு என் அட்டையைத் திறந்து கோட்டின் மேல் அழுத்தி, நீக்கு என்றேன். ஒரு பெட்டி வந்தது. 'காரணம்' என்று கேட்டது. காலியாக விட்டால் மேலே போக விடாது. கோட்டை எடுக்கிறவர் ஒரு நிமிடம் யோசிக்கட்டும் என்று அந்தப் பெட்டியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். இதை எழுதுகிறபோது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

'சர்வர் கோளாறு காரணமாக' என்று எழுதினேன். அழித்தேன். அது பொய்யில்லை, ஆனால் சர்வர் என்ன செய்தது பாவம், கேட்ட கேள்வியைத்தானே கேட்டது. 'தவறுதலாக இணைக்கப்பட்டது' என்று எழுதினேன். தவறுதலாக இல்லை, தெரிந்துதான் இணைத்தேன். அழித்தேன். 'ஒப்படைப்பு ஆவணங்கள் தயார்' என்று தொடங்கி நான்கு வரி எழுதினேன். நூற்று நாற்பது பக்கம், படங்கள், பொருளடக்கம், யாரும் திறக்கவில்லை என்பது உட்பட. படித்துப் பார்த்தேன். யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கோபப்படுகிற கடிதம் மாதிரி இருந்தது. அதையும் அழித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போனில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கோடுகள் இருக்கும். ஹலோ தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். போன் அடித்தது, எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

'ஒப்படைப்பு முடியவில்லை. நான் வெள்ளிக்கிழமை போகிறேன்.' என்று எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தேன். அழுத்தினேன்.

கோடு போனது. சத்தமே இல்லை. நிறுத்திவைத்திருந்த வரிசையைத் திறந்துவிட்டேன். குறிப்பேட்டில் வரிகள் ஓட ஆரம்பித்தன. சர்வர் 'உள் நிர்வாகம்' திட்டத்துக்குள் போனது, மேனேஜரின் அட்டையைக் கேட்டது, அந்த அக்காவைக் கேட்டது, மேலிடத்தைக் கேட்டது, என்னைக் கேட்டது. வெள்ளி என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு சீட்டாகக் கிழித்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. அடுத்த திட்டம், அதற்கடுத்தது, பாலம், பள்ளிக்கூடக் கட்டடம், யாருடைய கடைக்கோ வண்ணம்.

மேனேஜரின் அறைக்கு வெளியே, சுவரோரத்தில் இருக்கிற அச்சு இயந்திரம் முனகியது.

அது காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்ததும் முதலில் சூடாகும், அப்புறம் உள்ளே ஏதோ உருளும், பிறகுதான் தாள் வரும். காலையிலிருந்து தேங்கியதெல்லாம் வந்த வரிசைப்படி வெளியே வர வேண்டும். எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றேன். முதல் தாள் வந்து தட்டில் குப்புற விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. யாருடைய லீவோ, எந்த நாற்காலியோ. அந்த இயந்திரம் எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்துத்தான் துப்பும், முதல் பக்கம் முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக. அதனால் மேலே எப்போதும் வெள்ளைதான் தெரியும்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் வந்து தட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் திரைக்கு நான் எழுதிய வரி போயிருக்கும். நான் விளக்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைப் பாதி திருகி, மறுபடி திருகி மூடினார். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, சூடு ஆறாமல், குப்புற விழுந்துகொண்டிருந்தன. எங்கள் இரண்டு பேரின் கையும் தட்டின் ஓரத்தில் இருந்தது.